கடலோர மணலில் ஒரு கோழி அடைப்பு: சில மாரிகளைக் கடந்த பின்

மட்டக்களப்புக்குத் தெற்கே, கிரான்குளத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில்தான் எங்கள் வளவு இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஊர்க்கோழிகளுக்காகக் கட்டிய கம்பிவலை அடைப்பு 2022ஆம் ஆண்டின் விலையேற்றத்துக்கு முன்பு எழுந்தது. அதன் பிறகு பல மாரிகளையும், கச்சான் காற்று வீசும் வறண்ட காலங்களையும் பார்த்துவிட்டது. புதிதாகக் கட்டிய எந்த அடைப்பும் பார்வைக்கு உறுதியாகத்தான் தெரியும். எந்தப் பொருள் நின்றது, எது உக்கியது, எதற்குக் கொடுத்த பணம் வீண் என்பவை உப்புக்காற்று தன் வேலையைச் செய்த பின்னர்தான் விளங்கும். இதேபோன்ற நிலத்தில் கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை நிலத்தை ஒட்டிய இரண்டடி உயரத்துக்கும் கதவுக்கும் ஒதுக்குங்கள், அதற்கு மேலே உள்ளவற்றை மலிவாக முடித்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் ஊர்க்கோழியைப் பகலில் அடைத்து வைப்பது பழைய வழக்கம் அல்ல. காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் அவை வளவெங்கும் கிளறித் தின்று, மைம்மல் பொழுதில் தாமாகவே திரும்பி வந்து அடையும். வளவுகள் பங்கு பிரிக்கப்பட்டுச் சிறுத்துவிட்ட இந்நாளில், நம் கோழி அடுத்த வீட்டுக் கத்தரிப் பாத்தியைக் கிளறுவதும், அதனால் வேலிச் சண்டை மூளுவதும், கல்முனை வீதியின் வாகனங்களில் கோழி அடிபடுவதும் சாதாரணமாகிவிட்டன. அதைவிடப் பெரிய காரணம் கீரி. இரவில் கூட்டைப் பூட்டிவிட்டால் கோழி பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் கீரி பகலில் வேட்டையாடும் விலங்கு. வீட்டார் சமையலில் இருக்கும் முற்பகல் வேளையில், குஞ்சுகளோடு மேயும் தாய்க்கோழியைத்தான் அது குறிவைக்கிறது.

ஆகவே திட்டத்தைக் கோழிகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்காமல், வெளியிலிருந்து வருகின்ற உயிர்களிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. நாய் மண்ணைத் தோண்டும், வலையை உடலால் மோதிக் கிழிக்கும். கீரி ஒடுங்கிய இடைவெளி தேடும். மரநாய் இரவில் மரத்திலிருந்து கூரைக்கு இறங்கும். சாரைப்பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். வெங்கிணாந்தி என்னும் மலைப்பாம்பு வந்தால் வளர்ந்த கோழியையே விழுங்கும். வாவி ஓரமாகத் திரியும் பெரிய நீர் உடும்பான கபரகொய்யாவுக்கு முட்டை என்றால் போதும். வானத்திலிருந்து காகமும் வல்லூறும் பருந்தும் குஞ்சுகளைக் கொண்டுபோகும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலில் நரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் தோண்டுபவையும் நுழைபவையுமே அதிகச் சேதம் செய்கின்றன. அவை அனைத்தும் கீழிருந்துதான் வருகின்றன.

வலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண்கள் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி வலையை எடுத்துத் தருவார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே வைத்திருக்காது. பசித்த நாயொன்று அதன் முறுக்குகளைப் பல்லாலும் நகத்தாலும் பிரித்துவிடும். எனவே தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் அரை அங்குலச் சதுரக் கண்கள் உள்ள ஒட்டுவலையை (கம்பிகள் சந்திக்கும் இடங்களில் பற்றவைத்த வலை) அடித்து, அதற்கு மேலே மட்டும் அறுகோண வலையைப் பயன்படுத்தினோம். ஒட்டுவலையிலும் இரண்டு தரம் உண்டு. முலாம் பூசிய கம்பிகளைப் பிறகு ஒட்டியதாக இருந்தால், ஒட்டிய புள்ளிகளில் முலாம் எரிந்துபோய் அங்கிருந்தே துரு தொடங்குகிறது. ஒட்டிய பின்னர் முழுவதையும் துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த வலை விலை கூடியது. அருகில் வைத்துப் பார்த்தால் அதன் மூட்டுகளில் முலாம் திரண்டு சற்றுத் தடிப்பாகத் தெரியும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிப்பவர்களுக்கு அந்த மேலதிக விலை நட்டமல்ல.

தோண்டும் விலங்குகளைத் தடுக்க, வலையை ஓரடி ஆழத்துக்கு இறக்கி, அங்கிருந்து வெளிப்புறமாக மேலும் ஒன்றரை அடி மடித்துப் புதைப்பது வழக்கமான ஆலோசனை. நாய் வலையின் ஓரத்திலேயே தோண்டத் தொடங்கும். தோண்டும் இடத்தில் கால் கம்பியில் படுவதால் விட்டுவிடும். செம்மண்ணிலும் களிமண்ணிலும் இது பல்லாண்டுகள் நிற்கக்கூடும். எங்கள் மணலில், மாரி காலத்தில் கிணற்று நீர் நிலமட்டத்துக்கு ஏறி வருவதால், புதைந்த வலை ஆண்டின் ஒரு பகுதியை ஈரத்திலேயே கழிக்கிறது. இரண்டாவது மாரி முடிந்து பார்த்தபோது, மண்ணுக்கு மேலே வெள்ளியாக மின்னிய அதே வலை, மண்ணும் காற்றும் சந்திக்கும் கோட்டில் விரலால் அழுத்தியவுடன் அப்பளம்போல் நொறுங்கியது. கீழே ஆழத்தில் இருந்த பகுதிகூட அவ்வளவு கெடவில்லை. இப்போது அந்த இடத்தில் சுற்றிவரச் சீமெந்துக் கல் இரண்டு வரிசை நிற்கிறது: ஒன்று மண்ணுக்குள், மற்றொன்று மேலே. வலை கல்லின் தலைப்பிலிருந்து தொடங்குகிறது. இவ்வடைப்பில் செய்யப்பட்ட வேலைகளுள் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதி தந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

தூண்களுக்கு, முட்கம்பி வேலிக்கென்று ஊரில் வார்த்து விற்கப்படும் கொங்கிறீற்றுத் தூண்களையே நட்டோம். தென்னஞ்சிலாகைகளைக் கறையான் எளிதில் தின்றுவிடுகிறது. வைரம் பாய்ந்த பனை நிற்கும், ஆனால் இப்போது கிடைப்பது அரிது. கொங்கிறீற்றில் வலையை ஆணி அடித்துப் பொருத்த முடியாது என்பதால், தூணோடு சட்டம் ஒன்றைக் கட்டுக்கம்பியால் இறுக்கி, அதில் வலையை அடிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டங்களை மாற்றுவது எளிது, தூண்கள் அசையவில்லை.

மேற்புறத்தை மூடுவதற்குக் கடற்கரையில் கழித்துவிடும் பழைய நைலோன் மீன்வலை மிகவும் பொருத்தமானது. காகத்தையும் வல்லூறையும் தடுக்க அது போதும். தென்னை நிற்கும் வளவில் இன்னொரு நன்மையும் உண்டு: காய்ந்த மட்டையோ தேங்காயோ விழும்போது தகரம் நெளியும், வலை தொய்ந்து கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். வெயில் பட்டுப்பட்டு நைந்துபோவதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். இழையைக் கையில் எடுத்து இழுத்தால் பொடியாக உதிர்வது அதற்கான அறிகுறி. ஆனால் மீன்வலையைப் பக்கச் சுவராக ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. தரைவரை தொங்கும் வலையில் சாரைப்பாம்புகள் தலையை நுழைத்துச் செதில் சிக்கி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் செத்துக் கிடக்கும். உயிரோடு சிக்கிய பாம்பைக் கத்தரிக்கோலோடு அணுகுவது யாருக்கும் விருப்பமான வேலை அல்ல. அது சாரையா நாகமா என்று வலைக்குள் சுருண்டு கிடக்கும்போது உடனே கண்டுகொள்ளவும் முடியாது.

நீரைப் பற்றிய சிந்தனை இல்லாமல் மட்டக்களப்பில் எதையும் கட்ட இயலாது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பெருவெள்ளம் மூடியதைக் கண்டவர்கள் கூட்டைத் தரையில் வைக்க மாட்டார்கள். எங்கள் இரவுக்கூடு கற்கால்களின் மேல் மூன்றடி உயரத்தில் இருக்கிறது. அடைப்பின் தரையையும் சுற்றியுள்ள நிலத்தைவிட ஒன்பது அங்குலம் உயரும்படி மணல் நிரப்பினோம். கல்வரிசை அந்த மணலைக் கரைந்துபோகாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த உயரம் வெள்ளத்துக்காக மட்டுமல்ல. ஈரமும் வெப்பமும் சேர்ந்த எச்சத்தில்தான் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி பெருகுகிறது. குஞ்சுகள் அதற்கு எளிதில் பலியாகும். அடைப்பின் மூன்றில் ஒரு பங்கைத் தகரத்தால் மூடி, அதன் கீழே நெல் உமியைத் தடிப்பாகப் பரப்பியிருக்கிறோம். அரிசி ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. உமி கட்டிபட்டு மூக்கில் காரநெடி ஏறினால் கிளறிவிட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கழித்த உமியை உடனே செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். சில மாதம் குவித்து மக்கவைத்த பிறகு தென்னைக்குப் போடுகிறோம்.

மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால், அப்பக்கத்துக் கூரையை இரண்டடி வெளியே நீட்டி, நவம்பரிலிருந்து ஜனவரி வரை தறப்பாள் ஒன்றையும் தொங்கவிடுகிறோம். தகரத்தை ஆணியை மட்டும் நம்பி விடாமல், கம்பியால் தூணின் அடிவரை இழுத்துக் கட்டியிருக்கிறோம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியவர் எவரேனும் வீட்டில் இருந்தால், இதை அவரே நின்று செய்விப்பார்.

கச்சான் காலம் வேறு வகைத் தொல்லை. கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கியே சூட்டை வெளியேற்றும். அடைப்பின் நீண்ட பக்கத்தைக் கிழக்கு மேற்காக அமைத்தால் காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். மேற்குப் பக்க வலையில் கோவைக்கொடி படரவிட்டது நன்றாகப் பலித்தது. எட்டும் உயரத்து இலைகளைக் கோழிகள் மொட்டையடித்துவிட்டாலும் மேலே பந்தல்போல் நிற்கிறது.

உள்ளே இருக்கும் ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களிடம் பத்துப் பன்னிரண்டு கோழிகளுக்கு மேல் நிற்பதில்லை. ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி அடைப்பும், கூட்டுக்குள் மூன்று நான்கு சதுர அடியும் போதுமானவை. அடையும் சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்து அங்குலம் வேண்டும். முட்டைப் பெட்டி நான்கைந்து பேடுகளுக்கு ஒன்று என்றால் சரி. ஆனால் அது அடையும் சட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையேல் கோழிகள் பெட்டிக்குள்ளேயே படுத்து முட்டையை அசுத்தமாக்கும். கூட்டின் கூரைக்குக் கீழே காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளியிலும் அரை அங்குல வலை அடிக்கப்பட வேண்டும். மரநாய் அந்த வழியைத்தான் முதலில் சோதிக்கும்.

கதவுக்கு வருகிறேன். அடைப்பைப் பார்க்க வந்த அயல்வீட்டு மாமி வலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து கதவின் அடியைத்தான் பார்த்தார். “கீரி வலையக் கடிச்சிக்கிட்டா வருகுது மனே? கதவுக்குக் கீழதான் அதுட வழி” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மரக்கதவு மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும். சுருங்கும்போது அடியில் தோன்றும் இடைவெளி கீரியின் தலைக்குப் போதுமானது. தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். அதனால் வாசலில் எட்டு அங்குல உயரத்துக்குச் சீமெந்துப் படி கட்டி, கதவு அதன் முகத்தில் வந்து மோதி நிற்கும்படி செய்தோம். உமி சிதறிக் கதவை அடைப்பதையும் அந்தப் படியே தடுக்கிறது. பிணைச்சல்கள் பித்தளையாக இருந்தால் உப்புக்காற்றைத் தாங்கும். இரும்புப் பிணைச்சல் எண்ணெய் போட்டாலும் இறுகிவிடும். தாழ்ப்பாள் மேலும் கீழுமாக இரண்டு வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் நாய் கீழ் மூலையைத் தள்ளி வளைத்துவிடும்.

எலியைப் பற்றி ஏன் எவரும் முதலில் எச்சரிப்பதில்லை என்று எனக்கு வியப்பு. அடைப்பைச் சுற்றி எலி பெருகினால் பாம்பு தானே வரும். பொழுதுபடும்போது தீனித் தட்டை வெளியே எடுத்துவிடுவதும், தவிடு, குருணல், புண்ணாக்கு ஆகியவற்றை மூடியுள்ள தகர வாளியில் வைப்பதும் எந்த வலையையும்விடப் பயன் தந்தன. பிளாஸ்டிக் பீப்பாவை எலி ஒரே இரவில் குடைந்துவிடும். தண்ணீர்ச் சட்டியை நாளாந்தம் கழுவி மாற்றுவதும் அவசியம்; தேங்கிய நீரில் பெருகும் நுளம்பு நமக்கு டெங்குவையும் கோழிக்கு அம்மையையும் பரப்பும். அடைப்பு தடுக்காத ஒன்று ராணிக்கெட் நோய். அதற்குத் தடுப்பூசி தவிர வேறு வழியில்லை. பிரதேசக் கால்நடை வைத்தியரைக் கேட்டு உரிய காலத்தில் போட்டுவிடுவது நல்லது. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு கிழமையாவது வேறாக வைத்த பிறகே உள்ளே விடுகிறோம்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. அடைப்புக்குள் முதல் வருடமே புல் முழுவதும் அழிந்துவிட்டது. எவ்வளவு விதைத்தாலும் முளைவிட்டதும் கொத்தித் தின்றுவிடுகின்றன. கீரையும் முருங்கை இலையும் வெட்டிக் கட்டித் தொங்கவிடுவதால் பசுந்தீனிக்குக் குறைவில்லை என்றாலும், அது தினமும் ஒருவர் கையை எதிர்பார்க்கும் வேலை. வரும் கோடையில் அடைப்பை நடுவில் வலையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கோழி நிற்கும்போது மறுபக்கத்தில் புல் எழும்ப விடலாம் என்றிருக்கிறேன். அடைக்கோழியையும் குஞ்சுகளையும் தனியே விடுவதற்கும் அந்தப் பிரிவு உதவும். அதற்கான கல்லும் ஒட்டுவலையும் வாங்கியாகிவிட்டது. இடைக்கதவுக்குப் பித்தளைப் பிணைச்சல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.