மனநல வார்டில் எச்.ஐ.வி. சோதனை: சேர்த்த அன்றா, தெளிந்த பிறகா?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநல வார்டு உண்டு; எச்.ஐ.வி. சோதனையை இலவசமாகச் செய்யும் நம்பிக்கை மையமும் உண்டு. வார்டில் சேர்ந்தவரிடம் இந்தச் சோதனைக்குச் சம்மதம் எப்போது கேட்பது என்பதுதான் கேள்வி.

சேர்த்த அன்றே என்றால் மற்ற சோதனைகளுக்கு எடுக்கும் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் உசிலம்பட்டியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக அழைத்து வரப்பட்டு, காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவர் போடும் கையெழுத்து சம்மதம் ஆகுமா? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் விவரம் புரிந்து தரும் சம்மதத்தையே கேட்கிறது. பிரதிநிதியும் தரலாம், சரி. அப்புறம் ரகசியம் முதலில் வீட்டாருக்குத்தான் தெரியும்.

மருந்தில் தெளிந்த பிறகு, “இது எதுக்கும்மா?” என்று ஆலோசகரிடம் அவரே கேட்பார். என் ஓட்டு இதற்குத்தான். நாம் சம்மதம் கேட்காமலேயே அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிடாமலிருக்க, கேஸ் ஷீட்டில் முதல் நாளே குறித்துவைக்க வேண்டும். விடாத காய்ச்சல், எடை குறைவு, புதிதாக வந்த மறதி இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, எச்.ஐ.வி.யே மூளையைப் பாதித்திருக்கலாம்.