மூடிய பள்ளியின் கடைசி வருகைப் பதிவு: ‘எல்சி’ அட்டவணைச் சேவை

அமெரிக்காவின் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் கட்டணமின்றி நடத்தும் ‘எல்சி’ என்னும் இணைய அட்டவணைச் சேவையை, சிகாகோவில் 2013ஆம் ஆண்டு மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகளின் மாணவர் கணக்கைப் பார்ப்பதற்காகப் பயன்படுத்தினேன். அவ்வாண்டு மே 22 அன்று ஏறத்தாழ ஐம்பது பள்ளிகளை மூட அந்நகரக் கல்வி வாரியம் வாக்களித்தது; இடம்மாற நேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

மாநிலம், கல்வியாண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு, பாலினம், இனம் என்று வேண்டிய நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொண்டால் பள்ளிவாரியாக அட்டவணை கிடைக்கிறது. லிங்கன் பெயரில் ஊருக்கு ஊர் பள்ளி இருக்கும் நாட்டில் பெயரை மட்டும் நம்பாமல், பள்ளிக்குரிய பன்னிரண்டு இலக்க எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. அப்டவுன் பகுதியில் இருந்த ஸ்டூவர்ட் தொடக்கப் பள்ளி போன்றவற்றின் மாணவர் எண்ணிக்கை 2012-13உடன் முடிகிறது. அடுத்த ஆண்டுகளுக்கு ‘பொருந்தாது’ என்பதைக் குறிக்கும் குத்துவாள் அடையாளம் (†) மட்டுமே. அந்தப் பள்ளிக் கட்டடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு.

எண்ணிக்கைக்கு இச்சேவையை நம்பலாம். ஆனால், நெடுவரிசைகளின் பொருள் காலப்போக்கில் மாறியிருப்பதை அட்டவணை உரக்கச் சொல்வதில்லை. ஐந்தாக இருந்த இனப் பிரிவுகள் 2010-11க்குள் ஏழாயின; ஆகவே ஆசியர் எண்ணிக்கை ‘குறைந்தது’ என்று எழுதுமுன், பசிபிக் தீவினரும் பல்லினத்தவரும் தனியே பிரிக்கப்பட்டதை நினைவில் கொள்ள வேண்டும். வறுமையை அளக்க உதவும் மதிய உணவுக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. வறுமைக்கோட்டு வருமானத்தின் 185 விழுக்காடு வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இலவச அல்லது சலுகை விலை உணவு என்பது பழைய முறை. 2014-15இல் நாடெங்கும் விரிந்த திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளிலோ, வருமானம் கேளாமல் அனைவருக்கும் இலவசம். மூடிய பள்ளியின் பழைய உணவுக் கணக்கையும், அதன் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பள்ளியின் புதிய உணவுக் கணக்கையும் அருகருகே வைத்து வறுமையை ஒப்பிட்டால் கணக்கு பிழைத்துவிடும்.

எனக்குப் பெருங்குறையாகப் பட்டது வேறு. வகுப்பறைக்கு 30 பிள்ளைகள் என்ற அளவுகோலை வைத்தே சிகாகோவில் பள்ளிகள் காலியாகக் கிடப்பதாகக் கணக்கிட்டு, அதையே மூடலுக்குக் காரணமாகக் காட்டினார்கள். சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எல்சியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அறைகள் இல்லை. அந்த வாதத்தைச் சரிபார்க்க நினைப்பவர் கல்வி மாவட்டத்தின் கட்டடக் கணக்குகளைத்தான் தேடிப் போக வேண்டும்.