மூன்று பழைய கணினிகளும் ஒரு கௌசல்யாவும்: சிறு அறக்கட்டளை ஒன்றின் ஏழாண்டு அனுபவம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாலை நேரப் படிப்பு மையங்களை நடத்தி, முதியோருக்கு ஓய்வூதிய மனு எழுதித் தரும் எங்கள் அறக்கட்டளையில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் கூரை ஓட்டைப் பிரித்துப் போட்ட இரவில், இருந்த ஒரே கணினியும் நனைந்து போனது. அதன் பிறகு நன்கொடையாக வந்த நான்கு பழைய கணினிகளில் இரண்டு ஓடவே இல்லை. மற்ற இரண்டை ஓடவைக்கச் செலவழித்த பணத்துக்கு நல்லதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கணினியைப் பார்த்தே ஆக வேண்டும்.

2019இல், பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி உள்ள கணினிகள் மூன்றைத் தலா ஏறத்தாழ 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டி பொருத்தியதும், ஐந்து நிமிடம் திணறிய கணினி அரை நிமிடத்தில் எழுந்தது. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் முறையானதுதான். ஆனால் கடைக்காரர் கேட்காமலே போட்டுக்கொடுத்த ஆபீஸ் திருட்டுப் பிரதி என்பது, ஆடிட்டர் பில் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றே அதை நீக்கிவிட்டு, கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸுக்கு மாறினோம்.

அதில் எனக்குப் பிடித்தது, எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளான கால்க். 2021-22 நிதியாண்டு முதல், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவுள்ள அமைப்புகள் நன்கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடி வழியாக வருமான வரித் துறைக்குத் தர வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலை எக்செல்லில் கவனமில்லாமல் சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாகச் சேமித்தால், பன்னிரண்டு இலக்க ஆதார் எண் 1.23E+11 என்பது போன்ற அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கி, மீண்டும் திறக்கும்போது கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகியிருக்கும். கால்க்கோ, கோப்பைத் திறக்கும்போதே எந்த நெடுவரிசை எண், எந்த நெடுவரிசை எழுத்து என்று கேட்டுவிடுகிறது.

உண்மையான தொல்லை விலையில் இல்லை, எழுத்துருவில் இருந்தது. எங்கள் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு), மாற்றி மென்பொருள் கொண்டு அவற்றை மாற்றிய பிறகு, ஒரு நாள் தட்டச்சர் அக்கா, “சார், கௌசல்யாம்மா பேரு கண்ணுக்குத் தெரியுது, தேடினா வரமாட்டேங்குது” என்றார். பாமினியில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம் என்பதால், மாற்றி அந்தப் பெயரைக் ‘கெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளாக ஆக்கிவிட்டிருந்தது. புதிதாக அடித்த கௌசல்யா தனி ஆளாகி, ஒரே அம்மையார் பட்டியலில் இரண்டு முறை இருந்தார். கெளரி, கெளதமன் என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைச் செயலியையாவது எதிர்பார்ப்பதால், எங்கள் மூன்று கணினிகளும் தகுதி இழந்தன. இரண்டில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினோம். பழகிய தட்டச்சு இயந்திர விசையமைப்பே அதிலும் இருந்ததால், தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் முடித்த அக்காவின் விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. அவர் மறுபடி பழக வேண்டியிருக்குமோ என்றுதான் நான் அஞ்சியிருந்தேன். ஆடிட்டர் கேட்பது டேலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்பு. டேலிக்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றைப் பழைய விலைக்கே வாங்கினோம். கணக்குக்காக வேறு இலவச மென்பொருளைத் தேடியது வீண் வேலை என்றே இப்போது நினைக்கிறேன். நம் ஆடிட்டருக்குத் தெரியாத மென்பொருள் எவ்வளவு மலிவானாலும் மார்ச் மாதத்தில் விலை காட்டிவிடும்.

கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கு இலவசத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. மின்னஞ்சலுக்குக் கூகுளின் திட்டத்தை எடுத்துக்கொண்டோம். மழைக்காலத்தில் இணையம் நாள் கணக்கில் படுத்துவிடும் ஊரில், இணையத்திலேயே திறந்து எழுதும் கோப்புகளை நம்ப எனக்குத் துணிவில்லை. யுபிஎஸ் மின்கலத்துக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை பணம் ஒதுக்குகிறோம்.

2012க்கு முந்தைய தீர்மானக் கோப்புகளை மட்டும் மாற்றவில்லை. பாமினி உள்ள கணினியில் அச்செடுத்துத் தைத்து, இரும்பு பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம்.