சர்வீஸ் சென்டரா, தெருமுனை மெக்கானிக்கா?

வண்டியை சர்வீஸுக்கு விட்ட நாளில், காலை பதினொன்றரை மணிக்கு சர்வீஸ் சென்டரிலிருந்து வரும் அந்த ஃபோன் சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். "சார், ஃப்ரன்ட் பிரேக் பேடு முடிஞ்சுபோச்சு. த்ரோட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிளீனிங் எல்லாம் டியூ இருக்கு. சேர்த்துப் போட்டுரட்டுமா?" நாம் ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவே இருப்போம். "சரி, போடுங்க" என்று சொல்லிவிடுவோம். ஐயாயிரத்தில் முடியும் என்று விட்ட வண்டி, சாயங்காலம் பதினாலாயிரம் பில்லோடு வந்து நிற்கும்.

ஒரு தடவை பேடு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேரே விருகம்பாக்கத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பேடை உருவி என் கையில் கொடுத்தார். கறுப்புத் தூள் விரலெல்லாம் ஒட்டியது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தகட்டுக்கு மேலே 6 மில்லிமீட்டர் பாக்கி. புது பேடு பெரும்பாலான கார்களில் 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பாதி ஆயுளில் இருந்ததைத்தான் முடிந்துபோனது என்றிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் சர்வீஸ் சென்டர் திருடன், தெரு மெக்கானிக் தெய்வம் என்று ஆகிவிடும். ஆனால் இதே மெக்கானிக் அதற்கு ஆறு மாதம் முன்னால், முன்பக்கம் 'கடகட' என்று சத்தம் வருகிறது என்று போனபோது, ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். சத்தம் போகவில்லை. பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்து, ஐந்தே நிமிஷத்தில் சொன்னார்கள்: ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது சஸ்பென்ஷனில் இருக்கும் ஒரு சின்ன இணைப்புத் தண்டு. ஷாக் விலையோடு பார்த்தால் அது கொசுறு. மெக்கானிக் பொய் சொல்லவில்லை, ஊகித்தார். என் பர்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆக, இரண்டு இடத்திலும் காசு போகும்; போகிற ஓட்டைதான் வேறு. சர்வீஸ் சென்டரில் பொருள் பெரும்பாலும் அசல், பில் சரியாக இருக்கும். "மாத்தணும் சார்" என்ற வார்த்தையில்தான் கலப்படம். பல இடங்களில் நமக்கு ஃபோன் பண்ணும் அட்வைசருக்கு மாத டார்கெட் உண்டு, அதை நிரப்புவது இந்த கிளீனிங் வகையறாக்கள்தான். இதற்கு மருந்து காரின் டாஷ்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. ஓனர்ஸ் மேனுவலில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு அட்டவணை உண்டு. வண்டி விடும்போதே அதைத் திறந்து காட்டி, "இதில் இருப்பதை மட்டும் செய்யுங்கள், மற்றதைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்" என்று ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தினால், அட்டவணையில் எந்த வரியில் அது இருக்கிறது என்று கேளுங்கள். கேபின் ஃபில்டருக்கு லேபர் போடுகிறார்களா? நிறைய கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படாது, நீங்களே மாற்றிவிடலாம்.

தெரு மெக்கானிக்கிடம் ஓட்டை வேறு பக்கம். ஊகம் தப்பாதவரை வேலை தேவையானதாக இருக்கும், லேபரும் குறைவு. உள்ளே போகிற ஸ்பேர்ஸ்தான் சந்தேகம். கம்பெனி டப்பாவில் டூப்ளிகேட் வரும். நான் இப்போது பொருளை நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் திரும்பினால் வரிசையாக ஸ்பேர்ஸ் கடைகள். மாடலும் வருஷமும் சொன்னால் போதும், எம்ஆர்பி ஒட்டிய டப்பா வரும், ஜிஎஸ்டி பில்லோடு. கார் கம்பெனிக்குப் பொருள் சப்ளை பண்ணுகிறவர்களே தங்கள் சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புவதுண்டு; அந்த டப்பா பெரும்பாலும் விலை குறைவு. சென்னை பாடி பகுதியில் இருக்கிற பிரேக்ஸ் இந்தியா கம்பெனி இந்த ரகம்தான். பழைய ஸ்பேர்ஸ் விற்கும் புதுப்பேட்டைக்குப் போவதும் தப்பில்லை, ஆனால் சைடு மிரர், கதவுக் கைப்பிடி மாதிரிச் சாமான்களுக்கு மட்டும். பழைய பிரேக், ஸ்டீரிங் பாகம் அங்கே வாங்குகிறவர் என் பின்னால் ஓட்டிவராமல் இருந்தால் சரி.

மூன்றாவது வழி, ஃபோனில் புக் பண்ணும் கார் சர்வீஸ் ஆப். வீட்டு வாசலில் வந்து வண்டியை எடுத்துப் போவார்கள். எந்த ஷெட்டுக்குப் போகிறது, யார் கை வைக்கிறார்கள், எதுவும் நமக்குத் தெரியாது. ஆயில் மாற்ற, வாட்டர் வாஷ் பண்ண ஓகே. அதற்கு மேல் நான் நம்பவில்லை.

என் கணக்கு இப்படி. வாரண்டி முடியும்வரை சர்வீஸ் சென்டர், மேனுவல் கையில். முடிந்த பிறகு ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் மெக்கானிக், பொருள் என்னுடையது. சென்ஸார், ஏசி, ஏர்பேக் என்று வந்தால் மறுபடி சர்வீஸ் சென்டர்தான். காரின் கம்ப்யூட்டரைப் படித்துக் கோளாறு சொல்லும் ஸ்கேனர் இல்லாமல் ஊகிப்பவரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நான் ஷாக் மாற்றிய கதைதான் உங்களுக்கும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு மழைக்காலம். வேளச்சேரிப் பக்கம் தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் டோ செய்து நேராக சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை சாவியைத் திருகிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஏறிய இன்ஜின் அந்த ஒரு திருகலிலேயே உட்கார்ந்துவிட்டது. இன்ஷூரன்ஸில் இதற்கென்று தனியாக எடுக்கும் இன்ஜின் புரொடெக்ட் கவரை அவர் எடுத்திருக்கவில்லை.

ஏமாந்துவிட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் கவுன்டரில் கத்துவதில் பயனில்லை. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே பேசப்போவது ஜாப் கார்டும், பில்லும், கழற்றிய பழைய சாமானும். அதனால் "பழசை டிக்கியில் போட்டுவிடுங்கள்" என்று வண்டி விடும்போதே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் பதினொன்றரை மணி ஃபோன் ரொம்பச் சுருங்கிவிட்டது. போன தடவை அட்வைசர் கேட்டது ஒன்றே ஒன்று: "வைப்பர் பிளேடு மட்டும் கிழிஞ்சிருக்கு சார், மாத்தட்டுமா?" சாயங்காலம் டிக்கியைத் திறந்து பார்த்தேன். நிஜமாகவே கிழிந்திருந்தது.