நீலம் கேட்டால் கத்திரிப்பூ கொடுக்கும் பிரிண்டர்

வீணாகும் இங்க்கை உறிஞ்சும் வேஸ்ட் இங்க் பேடை மாற்றி, அது எவ்வளவு நிரம்பியது என்று எண்ணும் கவுன்டரை ரீசெட் செய்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பிரிண்டர் வீடு வந்து சேர்ந்துவிட்டது. "ஹெட் கிளீனிங் ரொம்ப ஓடியிருக்குண்ணே" என்றார் கடைத் தம்பி, ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர் போல. போட்டோவில் கோடு விழுந்தால், இங்க் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கிளீனிங்கை ஓட்டு என்று சொல்வதே கம்பெனி கொடுத்த புத்தகம்தான். ஓட்டும்போது வடியும் இங்க் எல்லாம் அடியில் இருக்கும் பஞ்சுக்குத்தான் போகிறது, அது நிரம்பினால் மிஷின் படுத்துவிடும் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நாலு இங்க் டேங்க், ஸ்கேனர், வைஃபை என எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி மாடல்தான். விலை இறங்கியதிலிருந்து "போட்டோ நல்லா வருமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஆதார் நகல், ஹால் டிக்கெட் என்றால் குறை சொல்ல எதுவும் இல்லை. கடைசியாக இங்க் ஊற்றியது எப்போது என்பதே மறந்து போகும். போட்டோ என்று வந்தால்தான் வம்பு.

சித்தி மகள் கல்யாணத்தில் சித்தி கட்டியிருந்தது எம்.எஸ். ப்ளூ பட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பேரில் பட்டுக் கடைகளில் இன்றும் கேட்டு வாங்கும் அதே நீலம். மானிட்டரில் பார்த்தால் அச்சு அசலாக இருந்தது. பிரிண்டைக் கையில் வாங்கிய சித்தி, "யாரோட புடவைடா இது? நான் கத்திரிப்பூ கலர்ல எடுக்கவே இல்லையே" என்றார்.

உடனே பிரிண்டரைத் திட்டுவது சுலபம். நியாயமாகச் சொன்னால், கலர் கெடுவதில் பாதிக்கு மேல் பிரிண்டருக்கு வெளியே நடக்கிறது. முதலில் நாஸில் செக், அதாவது இங்க் வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள், எடுக்க வேண்டும். சயான் (நீலப்பச்சை) அடைத்திருந்தால் முகமெல்லாம் சிவக்கும். மெஜந்தா (அடர் ரோஸ்) அடைத்தால் பச்சை தட்டும். மஞ்சள்தான் ஏமாற்றும்: வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு விட்டுப் போயிருப்பது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் கிளீனிங்கை ஓரிரு முறை ஓட்டிவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் தானாகவே பாதி திறந்திருக்கும். விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

நாஸில் எல்லாம் சரியென்றால் அடுத்த சந்தேகம் பேப்பர் செட்டிங். போனிலிருந்து அனுப்பும்போது ஆப் பல நேரம் 'ப்ளெய்ன் பேப்பர்' என்றே வைத்திருக்கும். பளபளப்பான கிளாஸி தாளுக்கு எவ்வளவு இங்க், எந்த இங்க் என்பதை பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான். என் மாடலில் கருப்பு மட்டும் பிக்மென்ட், அதாவது கரையாத பொடி மிதக்கும் இங்க்; மற்ற மூன்றும் டை, அதாவது கரைந்த சாயம். பிக்மென்ட் கிளாஸியில் ஊறாது, மேலேயே நிற்கும். அதனால் கிளாஸி என்று சொன்னால் டிரைவர் கருப்பை ஒதுக்கிவிட்டு மூன்று கலரையும் கலந்தே கருப்பு செய்கிறது. தலைமுடி லேசாகப் பழுப்படிப்பது அதனால்தான். அந்த இடத்தை விரலால் தேயுங்கள், கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் செட்டிங் தப்பு.

பேப்பரை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்குவேன். அங்கே ஜிஎஸ்எம்மைத்தான் கேட்பார்கள். 230-ஓ 260-ஓ, அது தாளின் கனம், கலருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கலரைத் தீர்மானிப்பது மேல்பூச்சு. பூச்சு எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்காவிட்டால் இங்க் திட்டுத்திட்டாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாக்கெட்டைப் பிரித்து வெளியே வைத்தால் தாள் ஈரம் குடித்து வளைந்துகொள்ளும், ஓரமெல்லாம் கசியும். இந்த ஊரில் போட்டோ பேப்பரை ஜிப் கவரில் போட்டு அப்பளம் மாதிரி காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

படம் முழுக்க ஒரே சீராக ரோஸ் படிந்திருந்தால் அது இன்னொரு கதை. எடிட்டிங் சாஃப்ட்வேரும் கலரைத் திருத்துகிறது, அது தெரியாமல் டிரைவரும் அதன் மேல் திருத்துகிறது. இரண்டில் ஒன்றுதான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். சாஃப்ட்வேரில் தாளுக்கான ப்ரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் அந்த இங்க் எந்தக் கலராக விழும் என்ற குறிப்பு ஃபைலை, தேர்ந்தெடுத்தால் டிரைவரில் கலர் திருத்தத்தை 'ஆஃப்' செய்யுங்கள். ப்ரொஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது என்பவர்கள் எல்லாவற்றையும் பிரிண்டரிடமே விட்டுவிடலாம், மோசமில்லை. ஆனால் கம்பெனியின் ப்ரொஃபைல் கம்பெனி இங்க்குக்குத்தான் பொருந்தும். கடையில் கிடைக்கும் மாற்று இங்க்கை ஊற்றிவிட்டு ப்ரொஃபைலைத் திட்டக் கூடாது.

பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புபவர்கள் மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்துப் பார்க்கட்டும். நைட் மோடும் அணைந்திருக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் எந்தப் பிரிண்டையும் குறை சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சரி செய்த பிறகு முகங்கள் அழகாக வந்தன. அரக்கு, மாம்பழ மஞ்சள், கபாலீஸ்வரர் கோபுரத்து பச்சை, எல்லாம் லட்சணம். நீலம் மட்டும் கத்திரிப்பூவாகவே நின்றது.

காரணம் எளிது. டேங்கில் நீல இங்க்கே கிடையாது. சயானையும் மெஜந்தாவையும் கலந்துதான் நீலம் செய்ய வேண்டும். திரையோ நீல ஒளியை நேராகவே உமிழ்கிறது. அந்த ஆழத்தைத் தாளில் எட்ட முடியாதபோது பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் போய் விழுகிறது, பெரும்பாலும் ஊதாப் பக்கம். எடிட்டிங்கில் நீலத்தின் செறிவைக் குறைத்து, சாயலைக் கொஞ்சம் சயான் பக்கம் தள்ளினால் ஊதா போய்விடும். ஆனால் வருவது பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம், எம்.எஸ். ப்ளூ இல்லை. ஆறு கலர் மாடலுக்கு மாறினால் சரியாகிவிடுமா என்றால், சிலவற்றில் கூடுதலாக இருப்பது லைட் சயானும் லைட் மெஜந்தாவும்தான். முகம் இன்னும் வழவழப்பாக வரும். அடர் நீலம் ஆழமாகாது. பெட்டி மேல் 'போட்டோ குவாலிட்டி' என்று அச்சடித்தவர்கள் ஒரு பட்டுப்புடவையையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

கருப்பு வெள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று கலரைக் கலந்து செய்யும் சாம்பல் பகலில் ஒரு மாதிரியும் டியூப் லைட்டில் வேறு மாதிரியும் தெரியும். தாத்தாவின் பழைய படத்தை ஸ்கேன் செய்து எடுத்தபோது பாசி படிந்தது போல வந்தது. அதே படத்துக்கு லேசாக செபியா என்ற பழுப்புச் சாயல் கொடுத்து, பளபளப்பில்லாத மேட் பேப்பரில் எடுத்தேன். ஸ்டுடியோவில் அன்றைக்கே கழுவியது போல வந்து நின்றது. அப்பா ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். இந்த மிஷினிடம் நான் எதிர்பார்க்காதது அது.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், போட்டோவுக்காக என்றால் இதை வாங்காதீர்கள். எத்தனை விலை குறைந்தாலும் வேண்டாம். பேட் மாற்றிய பில் இன்னும் சட்டைப்பையில் இருக்கும் கோபத்தில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்தியின் ஆல்பத்தைத் தெருமுனை லேபில் கொடுத்துவிட்டேன். ஒளி பட்டுக் கழுவி வரும் தாளில் நீலம் நீலமாகவே வந்திருக்கிறது. பெரியப்பா வீட்டுப் பழைய படங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. அவற்றை லேபுக்குக் கொடுக்கப் போவதில்லை. மேட் பேப்பர் வாங்க சனிக்கிழமை ஆண்டர்சன் தெரு போக வேண்டும்.