குளிரில் கிளம்பாத கார்: மல்டிமீட்டர், ஸ்கேனர் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இரவு முழுவதும் நின்று குளிர்ந்த பிறகு கிளம்ப மறுப்பதும், ஒருமுறை சூடாகிவிட்டால் அன்று முழுவதும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுவதுமான என் பெட்ரோல் காரின் கோளாறைத் தேடுவதற்கு, சில ஆண்டுகளாக இரண்டு கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று வோல்ட்டேஜையும் மின்தடையையும் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். மற்றொன்று ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியோடு பேசுவதற்கான இணைப்புத் துளை) செருகினால் கைபேசியில் அளவுகளைக் காட்டும் சிறிய ப்ளூடூத் ஸ்கேனர். ஸ்கேனரைப் பெரும்பாலோர் வாங்குவது பிழைக் குறியீடுகளைப் படிப்பதற்காக. இந்தக் கோளாறில் எனக்கு அது ஒரு குறியீட்டைக்கூடக் காட்டவில்லை, ஆனாலும் விடை அதில்தான் கிடைத்தது.

எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, அல்லது வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பற்றவில்லையா என்பது தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். முதல் வகையில் பேட்டரி, அதன் டெர்மினல்கள், எர்த் கேபிள் (பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் காரின் உலோகத்தோடு இணைப்பது), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் எரிபொருள், ஸ்பார்க், சென்சார்கள்.

முதல் வகைக்கு மல்டிமீட்டர் ஒன்றே பெரும்பாலும் போதும். நன்கு சார்ஜ் ஆன, ஓய்விலிருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிச் சார்ஜ்தான். ஆனால் ஓய்வு வோல்ட்டேஜை மட்டும் பார்த்துப் பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது வோல்ட்டேஜ் சுமார் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது, இன்ஜின் ஆயிலும் கெட்டிப்பட்டுச் சுற்றுவதற்குக் கூடுதல் விசையைக் கேட்கிறது. அதனால்தான் பகலில் நன்றாக இருக்கும் பேட்டரி விடியற்காலையில் கைவிடுகிறது. பேட்டரி வோல்ட்டேஜ் தாக்குப்பிடித்தும் செல்ஃப் மெதுவாகவே சுற்றினால், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளிலோ அதன் இணைப்பிலோ துரு இருக்கிறது என்று கொள்ளலாம். நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுப் புதியதை வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

என் கார் இரண்டாம் வகை. செல்ஃப் துடிப்பாகச் சுற்றும், இன்ஜின் பற்றாது. காலையில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, செல்ஃப் அடிக்காமல், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஸ்கேனரில் பார்த்தேன். இரவு முழுவதும் நின்ற காரில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 9 டிகிரி காட்டியது. கூலன்ட்டோ 55 டிகிரி. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது என்பதால் கட்டுப்பாட்டுக் கணினி வழக்கத்தைவிட அதிகமாக எரிபொருளைச் செலுத்த வேண்டும். இன்ஜின் சூடாக இருப்பதாக கூலன்ட் சென்சார் சொன்னால் கணினி குறைத்தே கொடுக்கும். 55 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவு என்பதால் கணினி அதைப் பிழையாகப் பதியவில்லை. புதிய கார்களில் சில இத்தகைய முரண்பாட்டையும் கண்டுகொள்ளும். பழைய கார்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

கோளாறு சென்சாரிலா, வயரிலா என்று பிரித்தறிவதும் எளிது. சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனரில் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி தெரியும். அப்படித் தெரிந்தால் வயரில் ஷார்ட் இல்லை. (அப்போது ரேடியேட்டர் விசிறி தானாகவே ஓடத் தொடங்கினால் பதற வேண்டாம், அது பாதுகாப்பு ஏற்பாடு.) இவ்வகை சென்சார் பலவற்றில் 20 டிகிரியில் மின்தடை 2 முதல் 3 கிலோ ஓம் வரை இருக்கும்; சூடாக ஆகக் குறையும். மல்டிமீட்டரில் பார்த்தபோது என் சென்சார் அந்தக் குளிரிலும் ஒரு கிலோ ஓமுக்குக் கீழே காட்டியது. சென்சாரை மாற்றிய பின் அந்தத் தொல்லை திரும்பவில்லை.

சென்சார் அளவு சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எரிபொருள் அழுத்தம். சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடி நின்றதும் அணைத்து, மீண்டும் இரண்டு மூன்று முறை அப்படியே செய்த பிறகு கார் கிளம்பினால், இரவில் அழுத்தம் கசிந்துவிடுகிறது என்று ஊகிக்கலாம்; உறுதிப்படுத்த அழுத்தமானி வேண்டும், என் இரு கருவிகளால் முடியாது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது இன்ஜெக்ஷன் கார்களில் உதவாது. பல கார்களில் அது எரிபொருளையே நிறுத்திவிடும். டீசல் காரென்றால் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்காகச் சூடேற்றும் க்ளோ பிளக்குகளிலிருந்து தொடங்க வேண்டும். அவை உள்ள இன்ஜினில் எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து.

ஸ்கேனரின் குறைகள் இரண்டு. செல்ஃப் சுற்றும்போது வோல்ட்டேஜ் சரிவதால் சில நேரம் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஆகவே அளவுகளை முன்னரே படித்துவிட வேண்டும். மற்றொன்று, அதைச் சாக்கெட்டிலேயே விட்டுவைத்தால் நிறுத்தியிருக்கும் காரிலும் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. கார் நாள்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் கழற்றி வைத்துவிடுவேன்.