அயல்நாட்டுக் குழந்தைகளுக்கு நம் காணிக்கை: காப்பகமா, குடும்பமா?

குன்னூர், கோத்தகிரிச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியைக் கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளின் நலிந்த குழந்தைகளுக்காக ஒதுக்க விரும்புவோர்முன் இரண்டு வழிகள் உள்ளன: காப்பகம் ஒன்றைத் தாங்குவது, அல்லது அங்குள்ள திருச்சபை வழியாகக் குழந்தையின் சொந்தக் குடும்பத்தையோ வளர்ப்புக் குடும்பத்தையோ தாங்குவது.

காப்பகத்தின் பயன் கண்ணுக்குத் தெரியும், கணக்கும் எளிது. வன்முறையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு உடனடிப் புகலிடமும் தேவைதான். ஆனால் அந்நாடுகளின் காப்பகங்களில் இருப்போரில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையும் பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஏக்கமுமே அவர்களைப் பிரித்தன. விடுதிப் பள்ளிகள் நிறைந்த நீலகிரியில் வாழும் நமக்கு இது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் விடுதி மாணவர் விடுமுறைக்கு வீடு திரும்புகிறார்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய ஆய்வு, காப்பகக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. அவர்கள், குறிப்பாக 2 வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெறிமுறைகளும் 3 வயதுக்குட்பட்டோருக்குக் குடும்பச் சூழலையே வலியுறுத்துகின்றன.

குடும்ப வழியில் வீடுதோறும் சென்று கண்காணிக்கப் பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். காட்டுவதற்குக் கட்டடம் இருக்காது. இருந்தும் அதுவே மேலானது என்று உறுதியாகச் சொல்வேன். ஏற்கெனவே காப்பகத்தைத் தாங்கும் சபை உதவியைத் திடீரென நிறுத்தாமல், குழந்தைகளை வீடு சேர்க்கும் பணிக்கு அதைப் படிப்படியாக மாற்றும்படி கேட்கலாம்.